கோடிங் தெரியாதவருக்கு எந்த வெப்சைட் எடிட்டர்? காலி பண்ணும் வழியை முதலில் பாருங்கள்!

பொள்ளாச்சிப் பக்கம் ஆரி ஒர்க் பிளவுஸ் தைக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவரைப்போல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வீட்டு முன்னறையில் ஆரி ஸ்டாண்ட், பக்கத்தில் தையல் மிஷின், முகூர்த்த மாதங்களில் உதவிக்கு இரண்டு பேர். கூகுள் மேப்பில் கடையைப் பதிந்த நாளில், இலவசமாக வெப்சைட் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வசதி கண்ணில் பட்டது. அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் கடைப் பெயர், போன் நம்பர், திறக்கும் நேரம், பிளவுஸ் படங்கள் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. கடைப் பெயருக்குப் பின்னால் 'டாட் பிசினஸ் டாட் சைட்' என்று முடியும் ஒரு முகவரியும் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் விசிட்டிங் கார்டிலும், தைத்த துணியைப் போட்டுக் கொடுக்கும் 500 துணிப் பைகளிலும் அதை அச்சடித்துவிட்டார்.

2017-ல் தொடங்கிய அந்த இலவச வெப்சைட் சேவையை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்தியது. பழைய முகவரிக்கு வந்தவர்களை ஜூன் 10 வரை கூகுளில் உள்ள கடை விவரப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. அதன் பிறகு அதுவும் இல்லை. உடுமலையிலிருந்து ஒரு கல்யாண வீட்டம்மா போன் செய்தார். "பையில இருக்கற அட்ரஸைப் போட்டா ஒண்ணுமே வரலீங்க அக்கா. கடையை மூடிட்டீங்களா?" அப்போதுதான் இவருக்கு விஷயமே தெரியும்.

கோவையில் மெக்கானிக்கல் படிக்கும் அக்கா மகன் வார விடுமுறையில் வந்தான். "இதுக்கா கவலைப்படறீங்க சித்தி? இப்பெல்லாம் கோடிங்கே வேண்டாம். இழுத்து இழுத்துப் போட்டா வெப்சைட் ரெடி. பத்து கம்பெனி இருக்கு" என்று லேப்டாப்பைத் திறந்தான்.

"இழுத்துப் போடறது இருக்கட்டும் கண்ணு. நாளைக்கு அவனும் மூடிட்டான்னா நான் எங்க போறது?"

பையன் லேப்டாப்பை அப்படியே வைத்துவிட்டு யோசித்தான். எந்த விளம்பரத்திலும் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. 'நிமிடங்களில் வெப்சைட்', 'ஒரே கிளிக்கில் கடை' என்று உள்ளே வரும் வழியைத்தான் எல்லோரும் விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். வாடகை வீடு பார்க்கப் போனால், அட்வான்ஸ் எவ்வளவு, காலி பண்ணச் சொன்னால் எத்தனை மாதம் அவகாசம் என்று கேட்காமல் நாம் சாவி வாங்குவதில்லை. வெப்சைட் எடிட்டரிடம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

இது முப்பது வருடக் கதை

கோடிங் தெரியாதவர்களும் இணையத்தில் எழுத வேண்டும் என்பது புது ஆசையல்ல. 1990-ல் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் பிரவுசரில் பக்கத்தைப் படிக்கவும் முடியும், அங்கேயே திருத்தவும் முடியும். பின்னால் பரவிய பிரவுசர்களில் படிக்கும் வசதி தங்கியது, திருத்தும் வசதி கழன்றுபோனது. அதைத்தான் பிற்பாடு ஒவ்வொரு கம்பெனியும் தனி சாஃப்ட்வேராக நமக்கு விற்றது.

அப்படி வந்ததில் பெரிய பெயர் ஃப்ரன்ட்பேஜ். வெர்மியர் என்ற சிறு நிறுவனம் செய்ததை 1996 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வேர்டில் கடிதம் அடிக்கத் தெரிந்தவர் வெப்சைட்டும் செய்துவிடலாம் என்ற நிலை வந்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் கவுன்ட்டர், விசாரணைப் படிவம் போன்றவை இயங்க வேண்டுமானால், வெப்சைட் இருக்கும் சர்வரிலும் ஃப்ரன்ட்பேஜுக்கென்று தனி இணைப்பு இருக்க வேண்டும். 2003 பதிப்போடு ஃப்ரன்ட்பேஜ் நின்றது. ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அந்த இணைப்பை எடுத்துவிட்டபோது, பக்கம் இருந்தது, படிவம் வேலை செய்யவில்லை. வாடிக்கையாளர் எழுதியது வந்து சேரவில்லை என்பது கடைக்காரருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஜியோசிட்டீஸ் கதை இன்னும் பெரியது. 1994-ல் தொடங்கி, 1999-ல் யாஹூ கைக்குப் போய், 2009 அக்டோபரில் அமெரிக்காவில் மூடப்பட்டது. சமையல் குறிப்பு, குடும்ப மரம், நாய்க்குட்டிப் படம் என்று லட்சக்கணக்கான சாதாரண மனிதர்கள் சேர்த்து வைத்த பக்கங்கள் அவை. அழிவதற்குள் தன்னார்வலர்கள் சிலர் ஓடி ஓடி ஒரு பகுதியைப் பிரதி எடுத்து வைத்தார்கள். மற்றது போனது போனதுதான்.

ஆகவே சித்தி கேட்டதில் தப்பே இல்லை. நிறுவனம் பெரியதா சிறியதா என்பதை வைத்து மட்டும் இதற்குப் பதில் சொல்லவும் முடியாது. யாஹூ சிறிய நிறுவனமா என்ன?

முதலில் கதவு எண்

பையன் இந்த முறை எடிட்டரைத் தேடாமல் டொமைனில் ஆரம்பித்தான். கடைப் பெயரோடு 'டாட் இன்' என்று முடியும் ஒரு முகவரி. வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். 'டாட் காம்' என்றால் கொஞ்சம் கூடும். முதல் வருடம் 99 ரூபாய் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், இரண்டாம் வருடத்துக்கு எவ்வளவு என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பதைத் தேடிப் படிக்க வேண்டும். அதுதான் உண்மையான விலை.

டொமைன் என்பது முகவரி மட்டும்தான். அதற்குப் பின்னால் எந்த எடிட்டரில் செய்த பக்கம் இருந்தாலும் வெளியே தெரியப்போவதில்லை. இன்றைக்கு ஒரு சேவை, பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் வேறொன்று. பையில் அச்சடித்த எழுத்து மாறாது. எடிட்டர் கம்பெனி கடையைக் கட்டினாலும், டொமைனை இன்னொரு பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் முடிந்தது.

டொமைன் விற்ற கம்பெனியே போய்விட்டால்? அதற்கும் சமீபத்தில் ஓர் உதாரணம் உண்டு. தன் டொமைன் விற்பனைப் பிரிவை 2023-ல் கூகுள் ஸ்கொயர்ஸ்பேஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. டொமைன்கள் அங்கே மாறின. ஆனால் யாருடைய பெயரில் எந்த முகவரி இருந்ததோ அது அவர் பெயரிலேயேதான் இருந்தது. அதே கூகுளின் இலவச முகவரியை வைத்திருந்தவர்களுக்கு அடுத்த வருடமே முகவரி போய்விட்டது. காசு கொடுத்துப் பதிந்ததற்கும் கடனாகக் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

இதில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. "நானே எல்லாம் பார்த்துக்கறேன்" என்று டிசைனர் தம்பி சொல்வார். டொமைனைத் தன் பெயரில், தன் இமெயிலில் பதிந்துவிடுவார். கெட்ட எண்ணம் எல்லாம் இருக்காது, சௌகரியத்துக்குச் செய்வதுதான். மூன்று வருடம் கழித்து அவர் வெளிநாடு போயிருப்பார், நம்பர் மாறியிருக்கும், டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லும் மெயில் எல்லாம் அவருடைய பழைய இமெயிலுக்குப் போய்க்கொண்டிருக்கும். எனவே பதிவு கடைக்காரர் பெயரில், கடைக்காரர் இமெயிலில், ஓடிபி வரும் போன் கடைக்காரர் கையில். சொந்த அக்கா மகனாக இருந்தாலும் இதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது. இங்கே பையனே முந்திக்கொண்டு, "உங்க ஜிமெயில் பாஸ்வேர்டு என்ன சித்தி?" என்று கேட்டான். அது அவருக்கு ஞாபகமில்லை. அன்றைய மதியம் முழுக்க அந்த பாஸ்வேர்டை மீட்பதிலேயே போனது. வெப்சைட் வேலையில் உருப்படியான வேலை அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

படங்கள் எங்கே?

அடுத்த அதிர்ச்சி படங்களில் இருந்தது. எட்டு வருடமாகத் தைத்த பிளவுஸ்களின் படங்கள் அந்தப் பழைய வெப்சைட்டிலும் வாட்ஸ்அப்பிலும்தான் இருந்தன. போன் இரண்டு முறை மாறிவிட்டது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் சாதாரணமாக அனுப்பும். ஜர்தோசி வேலையில் ஊசி போன தடம் வரை தெரிய வேண்டிய படம், பெரிதாக்கினால் மங்கலாக நின்றது. வெப்சைட்டில் ஏற்றிய படமும் பெரும்பாலும் சுருங்கித்தான் திரும்பக் கிடைக்கும். மயில் கழுத்துப் பச்சையில் தைத்த ஒரு கல்யாண பிளவுஸின் ஒரிஜினல் படம் எங்குமே இல்லை. வாடிக்கையாளர் ஒருவரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

ஆகவே எந்த எடிட்டரைத் தேர்ந்தெடுத்தாலும், மூலப் படங்கள் ஒரு பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ வீட்டில் இருக்க வேண்டும். வெப்சைட்டில் எழுதும் வாசகங்களும் சாதாரண டாக்குமென்டாக ஒரு பிரதி. முகவரியும் மூலமும் கையில் இருந்தால், எடிட்டர் தேர்வில் தப்பு நடந்தாலும் இரண்டு நாள் வேலைதான் வீண். அந்தத் தைரியத்தோடுதான் பையன் மறுபடி லேப்டாப்பைத் திறந்தான்.

எந்த வீடு, என்ன கண்டிஷன்?

விக்ஸ் பார்த்தவுடனே பிடித்துவிடும். எதை எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைக்கலாம், டெம்ப்ளேட்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதில் செய்த பக்கங்களை வேறு ஹோஸ்டிங்குக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. இதை அவர்களே தங்கள் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள், ஒளிக்கவில்லை. பொருள் பட்டியல், வாடிக்கையாளர் விவரம் போன்றவற்றைத் தனியாக இறக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். வழக்கமான எடிட்டரில் ஒரு டெம்ப்ளேட்டில் ஆரம்பித்துவிட்டால், பாதியில் வேறு டெம்ப்ளேட்டுக்கு அப்படியே மாறவும் முடியாது. புதிதாகத்தான் தொடங்க வேண்டும். இதெல்லாம் தெரிந்து போகிறவருக்கு அது நல்ல இடம். தெரியாமல் போகிறவர்தான் பிறகு புலம்புவார்.

வேர்ட்பிரஸ் என்றதும் பலரும் குழம்புவது அதன் இரண்டு முகங்களில். 2003-ல் தொடங்கிய வேர்ட்பிரஸ் சாஃப்ட்வேர் இலவசம், யாரும் எடுத்துத் தன் ஹோஸ்டிங்கில் வைத்துக்கொள்ளலாம். உலகத்தில் உள்ள வெப்சைட்களில் 40 சதவிகிதத்துக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதே சாஃப்ட்வேரைத் தானே பராமரித்து வாடகைக்கு விடும் நிறுவனம். இரண்டிலிருந்தும் எழுதியதை ஒரு ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யலாம். காலி பண்ணுவது சுலபம் என்ற விஷயத்தில் இதற்குத்தான் முதல் மார்க்.

2018 டிசம்பரில் பிளாக் எடிட்டர் வந்ததிலிருந்து பத்தி, படம், பட்டன் என்று அடுக்கிக்கொண்டே போனால் பக்கம் தயாராகிவிடும். ஆனால் சொந்த ஹோஸ்டிங்கில் வைத்தால் அது சொந்த வீடு. ஒழுகினால் நாம்தான் ஓட்டை மாற்ற வேண்டும். சாஃப்ட்வேரையும் பிளக்-இன்களையும் அவ்வப்போது அப்டேட் செய்யாமல் விட்டால் யாராவது உள்ளே புகுந்து லாட்டரி விளம்பரம் ஒட்டிவிட்டுப் போவார்கள். முகூர்த்த மாதத்தில் ராத்திரி 11 மணி வரை ஆரி ஸ்டாண்ட் முன்னால் குனிந்திருப்பவருக்கு அந்த வேலை ஆகாது. அழகுக்காகச் சேர்க்கும் சில பேஜ் பில்டர் பிளக்-இன்களிலும் ஒரு கண் வேண்டும். பிளக்-இன்னை எடுத்தால் அலங்காரம் கலைந்து, எழுத்துகளுக்கு நடுவே சதுர அடைப்புக்குறிகளாகக் குப்பை மிஞ்சும். வேர்ட்பிரஸில் இருந்தாலும் அதுவும் ஒருவகைப் பூட்டுதான்.

ப்ளாக்கரைப் பழசு என்று பையன் ஒதுக்கப் பார்த்தான். பழசுதான். 1999-ல் வந்தது. டெம்ப்ளேட்களும் கொஞ்சம் போன தலைமுறை. ஆனால் சொந்த டொமைனை இணைக்கக் கட்டணம் கிடையாது, எழுதியது எல்லாவற்றையும் பேக்கப்பாக இறக்கலாம். சமையல் குறிப்போ தொடரோ எழுதுகிறவர்களுக்கு இன்னும் பழுதில்லை. கூகுள் சைட்ஸும் அப்படித்தான், இலவசம், சொந்த டொமைன் இணைக்கலாம், இழுத்துப் போடும் வேலைதான். அதில் கார்டு வாங்கி பில் போடும் கடை கிடையாது. டிசைனும் சாதுவாகத்தான் இருக்கும்.

இப்போது ஏஐ வெப்சைட் பில்டர்களும் வந்துவிட்டன. "ஆரி ஒர்க் கடை, பொள்ளாச்சி" என்று அடித்தால் முழு வெப்சைட்டையும் எழுதித் தருகின்றன. பையன் ஒன்றில் அடித்துப் பார்த்தான். '25 ஆண்டு அனுபவம்' என்று வந்தது. திருப்தியடைந்த வாடிக்கையாளர்கள் என்று மூன்று பேர் பாராட்டும் இருந்தது. மூன்று பேரும் உலகத்தில் இல்லாதவர்கள். "நான் தைக்க ஆரம்பிச்சே 12 வருஷம்தானே ஆச்சு! வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று சித்தி பதறிவிட்டார். ஏஐ வேண்டாம் என்பதில்லை. அது எழுதியதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வெளியிட வேண்டும். டெம்ப்ளேட்டோடு வரும் பொய் போன் நம்பர் பக்கத்தின் அடியில் அப்படியே நிற்கும் வெப்சைட்களை இன்றும் பார்க்கலாம்.

தமிழில் அடித்துப் பாருங்கள்

டெம்ப்ளேட் ஆங்கிலத்தில் இருக்கும்போது அழகாக இருக்கும். தமிழை ஒட்டினால்தான் சாயம் வெளுக்கும். சில டெம்ப்ளேட்களில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுத் தலைப்பு போடுவார்கள். அதில் தமிழ் வந்தால் சொல் உதிரி உதிரியாகப் பிரிந்து நிற்கும். வரி இடைவெளி நெருக்கமாக இருந்தால் 'மி', 'லீ' போன்றவற்றின் மேல் வளைவு மேல் வரியில் இடிக்கும், 'நூ'வின் கீழ்ப்பகுதி வெட்டுப்படும். காசு கட்டும் முன், சோதனைக் காலத்திலேயே இரண்டு வரி தமிழைப் போட்டு, லேப்டாப்பிலும் சாதாரண ஆண்ட்ராய்டு போனிலும் பார்த்துவிட வேண்டும். தமிழ் ஃபான்ட்களைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, கடமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. எடிட்டர் அவற்றைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு தொல்லை டிடிபி சென்டரிலிருந்து வரும். கடை நோட்டீஸுக்கு அடித்த வாசகத்தையே பையன் காப்பி செய்து ஒட்டினான். ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஏதோ வந்தது. நோட்டீஸ் அடித்தது யூனிகோடுக்கு முந்தைய பழைய ஃபான்ட்டில். ஒன்று, எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்ற வேண்டும். இல்லையென்றால் புதிதாக அடிக்க வேண்டும். நோட்டீஸையே போட்டோ பிடித்துப் போட்டுவிடலாமே என்று தோன்றும். போடலாம். ஆனால் நாளைக்குத் தையல் கூலி 50 ரூபாய் ஏறினால் அந்த ஒரு எண்ணை மாற்ற மறுபடி டிடிபி சென்டருக்குத்தான் நடக்க வேண்டும். கூகுளில் தேடுகிறவருக்கும் படத்துக்குள் இருக்கும் வாசகம் எழுத்தைப்போலச் சுலபமாக அகப்படாது.

பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, விலை மாறிக்கொண்டே இருக்கும். மாத விலை என்று போட்டிருந்தாலும் வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை என்பது வழக்கம். மேலே 18 சதவிகித ஜிஎஸ்டி. வெளிநாட்டுச் சேவை என்றால் டாலர் ஏற்ற இறக்கம் வேறு. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து விதிகளைக் கடுமையாக்கியிருக்கிறது. நம் கார்டில் ஆட்டோ-டெபிட் எல்லாச் சேவைக்கும் ஒத்துழைப்பதில்லை. அதனால் புதுப்பிக்கும் தேதியை வீட்டுக் காலண்டரில், பால் கணக்குப் பக்கத்திலேயே குறித்து வைப்பது நல்லது.

வெப்சைட்டே வேண்டுமா?

இதையும் கேட்டுவிட வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸில் 500 பொருட்கள் வரை கேட்டலாக் போடலாம். இன்ஸ்டாகிராமில்தான் பிளவுஸ் டிசைன் தேடும் பெண்கள் இருக்கிறார்கள். சித்திக்கு வரும் ஆர்டரில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. வெப்சைட் வைத்தால் ஆர்டர் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இன்ஸ்டா கணக்கை யாராவது ஹேக் செய்துவிட்டால், அல்லது ஏதோ காரணத்துக்காக முடக்கப்பட்டால், உடுமலை வீட்டம்மா மறுபடி "கடையை மூடிட்டீங்களா" என்றுதான் கேட்பார். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே அட்வான்ஸ் வாங்கும் தொழில் இது. ஆள் இருக்கிறாரா என்ற சந்தேகம் வந்தால் அட்வான்ஸ் வராது.

கடைசியில் அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு பக்கம்தான். வேலை மாதிரிகள் ஒன்று, வழியும் வாட்ஸ்அப் நம்பரும் இன்னொன்று. இதற்கு மாதக் கட்டணம் கட்டும் எடிட்டர் தேவையில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். சொந்த டொமைனை வாங்கி, கூகுள் சைட்ஸில் இணைத்தார்கள்.

"மறுபடியும் அதே கூகுளா?" என்றார் சித்தி.

"அதே கூகுள்தான் சித்தி. ஆனா இப்ப அட்ரஸ் உங்களோடது. அவங்க மூடினா வேற எடத்துல இதே பேர்ல வெச்சுக்கலாம். படமும் பென் டிரைவ்ல இருக்கு."

ஆன்லைனிலேயே காசு வாங்கும் கடையாக நாளைக்கு வளர்ந்தால் அப்போது வேர்ட்பிரஸோ வேறொன்றோ பார்த்துக்கொள்ளலாம். பிளவுஸுக்கு அளவு எடுக்காமல் ஆன்லைனில் எப்படி விற்பது என்ற கேள்வி அவரிடம் தனியாக இருக்கிறது. அதை எந்த எடிட்டரும் தீர்க்காது.

திங்கட்கிழமை பையன் கோவைக்குப் பஸ் ஏறும் முன், தலைப்பில் இருந்த ஒரு எழுத்துப் பிழையைச் சித்தியே தன் செல்போனின் பிரவுசரில் திறந்து, தட்டுத்தடுமாறித் திருத்திக் காட்டினார். பழைய பைகள் இன்னும் 300 சொச்சம் மீதி. அச்சடித்த முகவரியின் மேல் புது முகவரி எழுதிய துணிப்பட்டையை வைத்துத் தைத்துவிடலாம் என்று அவற்றைத் தையல் மிஷின் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார். உதவிக்கு வரும் பெண்ணிடம், பட்டை நாலு ஓரமும் மடித்துத் தைக்க வேண்டாம், மேலே மட்டும் ஒரு தையல் போட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.